பட்டாளத்தார் சங்கத்துக்குத் தலைவராகிவிட்டீர்களா? செட்டிநாட்டுப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கூட்டம் முடிந்துவிட்டது. சால்வை போட்டார்கள், கைதட்டினார்கள், வடையும் காபியும் ஆனதும் ஆளுக்கொரு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். உங்கள் கையில் ஒரு பீரோ சாவி, பழைய தீர்மானப் புத்தகம், மை காய்ந்த ரப்பர் ஸ்டாம்பு. நானும் அப்படி ஒருநாள் தனியாக நின்றவன்தான். ராணுவத்தின் தகவல் தொடர்புப் பிரிவான சிக்னல்ஸில் 24 ஆண்டு ஓட்டிவிட்டு ஹவில்தாராக ஊர் திரும்பியவனுக்கு முன்னாள் படைவீரர் சங்கம் நடத்துவது என்ன பெரிய வேலை என்று நினைத்தேன். நினைத்தது தப்பு. நான் தட்டுத் தடுமாறிக் கற்றதை, உங்களுக்குப் பயன்படும் வரிசையில் சொல்கிறேன்.

முதல் மாதம்: ஆட்களை எண்ணுங்கள்

பழைய உறுப்பினர் பட்டியலை நம்பாதீர்கள். அதில் பாதிப்பேர் கோயம்புத்தூரில் செக்யூரிட்டி வேலையில் இருப்பார்கள், சிலர் இறந்தே போயிருப்பார்கள். ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி ஊர் ஊராகப் போங்கள். பள்ளத்தூர், கோட்டையூர், புதுவயல், கண்டனூர், கானாடுகாத்தான், தேவகோட்டைப் பக்கத்துக் கிராமங்கள் என்று வாரத்துக்கு இரண்டு ஊர் போதும். டீக்கடையில் "இங்கே மிலிட்டரிக்காரர் வீடு எது?" என்று கேட்டால் வழி சொல்லிவிடுவார்கள்.

ஒவ்வொருவரிடமும் ஐந்து விவரம் வாங்குங்கள்: பெயர், படை எண், ரெஜிமென்ட் அல்லது கோர், ஓய்வுபெற்ற ஆண்டு, மனைவியின் பெயர். மனைவியின் பெயரை டிஸ்சார்ஜ் புத்தகத்தில் இருக்கிறபடியே எழுதுங்கள். வீட்டில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், பி.பி.ஓ. என்ற ஓய்வூதிய ஆணையில் இன்னொரு பெயர் என்று இருப்பது நம் பக்கத்தில் சர்வசாதாரணம். குடும்ப விவரத்தைப் படையில் பதிகிற பார்ட் டூ ஆர்டரில் மனைவி பெயர் ஏறாமலே ஓய்வுபெற்றவர்களும் உண்டு. ஆள் உயிரோடு இருக்கும்போது சரிசெய்தால் சில கடிதங்களோடு முடியும். அவர் போனபிறகு அந்த அம்மா ஸ்பர்ஷ் என்ற படை ஓய்வூதிய இணையதளத்துக்கும் வங்கிக்கும் நடையாய் நடக்க வேண்டும்.

இன்னொன்று. செட்டிநாடு என்பது ஒரே மாவட்டம் இல்லை. காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் சிவகங்கை மாவட்டம். ராயவரம், அரிமளம், பொன்னமராவதிப் பக்கம் புதுக்கோட்டை மாவட்டம். ஆகவே உங்கள் உறுப்பினர்கள் இரண்டு முன்னாள் படைவீரர் நல அலுவலகங்களுக்குள் வருவார்கள். இரண்டு உதவி இயக்குநர்களையும் முதல் மாதத்திலேயே போய்ப் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டு வாருங்கள். கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் முன்னாள் படைவீரர் குறைதீர் கூட்டத்தைத் தவறவிடாதீர்கள்.

ரேங்க் பிரச்சினை வரும். ஹானரரி கேப்டன் ஒருவர் முன்வரிசையில் உட்கார, சிப்பாயாக ஓய்வுபெற்ற தலைவர் கூட்டம் நடத்துவது சிலருக்கு உறுத்தும். கூப்பிடும்போது "கேப்டன் சார்", "சுபேதார் அண்ணே" என்று மரியாதையோடு கூப்பிடுங்கள். ஓட்டு மட்டும் ஆளுக்கு ஒன்றுதான். ரேங்க் பார்த்துக் கொடுப்பது கேன்டீன் கோட்டாவோடு நிற்கட்டும். சாதி, கட்சி இரண்டும் வாசலோடு நிற்கட்டும். ஒரு பிளக்ஸ் பேனரில் ஒரு தலைவர் படம் ஏறினால் அடுத்த மாதம் சங்கம் இரண்டாகிவிடும்.

பதிவும் பணமும்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். சங்கம் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன் கீழ் மாவட்டப் பதிவாளரிடம் பதிவாகியிருக்க வேண்டும். குறைந்தது ஏழு பேர் வேண்டும். நிர்வாகக் குழுவின் காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக்கூடாது. புதிய நிர்வாகிகள் பட்டியலையும் ஆண்டுக் கணக்கையும் அங்கே தாக்கல் செய்ய வேண்டும். பல சங்கங்கள் தூங்கிப்போவது இந்த இடத்தில்தான். வங்கிக் கணக்கு சங்கத்தின் பெயரில், இரண்டு கையெழுத்தில் இருக்கட்டும். எங்கள் சங்கத்தில் முன்பு ஒருவர் சந்தாப் பணத்தைத் தன் சொந்தக் கணக்கில் வைத்திருந்தார். ஒரு ரூபாய்கூட எடுக்காத நல்ல மனுஷர். ஆனால் அவர் திடீரென்று இறந்ததும் அந்தப் பணத்தை அவர் வீட்டில் போய்க் கேட்க எங்கள் யாருக்கும் வாய் வரவில்லை.

மறைந்தவர் பதிவேடு

சங்கம் என்றால் பென்ஷன், கேன்டீன், கொடி நாள் வசூல் என்று நினைப்பவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், தலைவரின் முதல் வேலை ஒரு பதிவேடு: இந்த மண்ணிலிருந்து படைக்குப் போய் உயிரிழந்தவர்களின் பெயர், எண், படைப்பிரிவு, நாள், இடம், ஊர், வாரிசு. மற்ற வேலைகளை யாராவது ஒருவர் செய்துவிடுவார். இதை நீங்கள் செய்யாவிட்டால் யாரும் செய்யப்போவதில்லை.

தொடங்குமுன் குழுவில் ஒரு தீர்மானம் போட்டுவிடுங்கள்: யாருடைய பெயர் இதில் ஏறும்? போரில் இறந்தவர் பற்றிக் கேள்வியில்லை. விடுப்பில் வந்தபோது விபத்தில் போனவர்? பாரக்கில் மாரடைப்பில் போனவர்? படையிலேயே இதைப் பேட்டில் கேஷுவல்டி (போர், ராணுவ நடவடிக்கையில் நேர்ந்தது), பிசிக்கல் கேஷுவல்டி (மற்றவை) என்று பிரித்துத்தான் பார்க்கிறார்கள், குடும்ப ஓய்வூதியமும் அதைப் பொறுத்து மாறும். நாங்கள் பணியில் இறந்த எல்லாரையும் பதிவேட்டில் எழுதுகிறோம், கல்லில் போரிலும் ராணுவ நடவடிக்கையிலும் இறந்தவர்களை மட்டும் பொறிக்கிறோம். உங்கள் சங்கம் வேறு மாதிரி முடிவு செய்யலாம். ஆனால் ஒரு தாய் வந்து "என் பிள்ளை பேரு ஏன் இல்லே?" என்று கேட்பதற்கு முன்னால் முடிவு செய்துவிடுங்கள்.

எல்லை எதுவரை என்பதும் தகராறுதான். 2020 ஜூன் 15 அன்று லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் வீரமரணம் அடைந்து வீர் சக்ரா பெற்ற ஹவில்தார் பழனி, திருவாடானை வட்டம் கடுக்கலூர்க்காரர். தாலுகாக் கணக்கில் ராமநாதபுரம் மாவட்டம். ஆனால் தேவகோட்டைக்கு எட்டிப்பிடிக்கிற தூரம். மாவட்ட வரைபடத்தை விரித்து வைத்து வாதாடுவதைவிட, அந்த ஊர்க்காரர்கள் சாமான் வாங்க எந்த ஊருக்கு வருகிறார்கள் என்று பாருங்கள். நம் பக்கம் வந்தால் நம் ஆள்தான்.

எங்கே தேடுவது? சுதந்திரத்துக்குப் பிந்தையவர்கள் என்றால் டில்லியில் 2019 பிப்ரவரி 25 அன்று திறந்த தேசியப் போர் நினைவுச் சின்னத்தின் பெயர்ப் பட்டியலில் தொடங்குங்கள். அங்கே தியாகச் சக்கரம் என்ற வட்டச் சுவர்களில் 25,000க்கும் மேற்பட்ட பெயர்கள் கருங்கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. அப்புறம் அந்தந்தப் படைப்பிரிவின் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட்ஸ் அலுவலகம். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்கிற பொறியாளர் பிரிவு என்றால் பெங்களூரு, சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர், பீரங்கிப்படை என்றால் நாசிக் ரோடு. கடிதத்தில் படை எண் இல்லாவிட்டால் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம்.

சுதந்திரத்துக்கு முந்தையவர்களைத் தேடுவது இன்னும் சுவையான வேலை, இன்னும் கண்ணைக் கெடுக்கிற வேலை. இரண்டு உலகப் போர்களிலும் இறந்த பிரிட்டிஷ் இந்தியப் படையினரின் பெயர்களைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் வைத்திருக்கிறது, இணையத்தில் தேடலாம். சென்னை நந்தம்பாக்கத்தில் அவர்களது கல்லறைத் தோட்டம் இருக்கிறது. பர்மாவில் இறந்து, உடல் கிடைக்காத நம்மவர்கள் பலரின் பெயர் ரங்கூனுக்கு வெளியே தவுக்கியான் கல்லறைத் தோட்டத்தின் தூண்களில் இருக்கும். மலேயா, சிங்கப்பூர் என்றால் கிராஞ்சி. எழுத்துக்கூட்டல்தான் சோதனை. அன்றைய கிளார்க் காதில் விழுந்ததை எழுதினார். சுப்பையா மூன்று விதமாக வருவார், கருப்பையா நாலு விதமாக வருவார். தகப்பன் பெயர், கிராமம், மாவட்டம் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். அன்றைக்கு நம் ஊர்களெல்லாம் ராமநாதபுரம் ஜில்லா அல்லது புதுக்கோட்டைச் சமஸ்தானம். சிவகங்கை மாவட்டம் என்று தேடினால் ஒருவரும் அகப்படமாட்டார்.

செட்டிநாட்டுக்கென்று தனிக் கணக்கு ஒன்று உண்டு. நகரத்தார் கடைகளுக்கு மேலாளாக, அடுத்தாளாக, பெட்டியடிப் பையனாக பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போனவர்கள், அவர்களோடு சமையலுக்கும் எடுபிடிக்கும் போன நம் கிராமத்து ஆட்கள். 1942இல் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனபோது பலர் நடந்தே ஊர் திரும்பினார்கள். திரும்ப முடியாமல் அங்கேயே இருந்தவர்களில் சிலர் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். அவர்கள் பெயர் காமன்வெல்த் பட்டியலில் வராது. பிரிட்டிஷ் படையில் அண்ணன், ஐ.என்.ஏ.வில் தம்பி என்று ஒரே வீட்டில் இரண்டும் இருந்திருக்கலாம். இருவரையும் எழுதுங்கள். யார் எந்தப் பக்கம் என்று இப்போது நாம் பஞ்சாயத்து பண்ண வேண்டியதில்லை. சான்று எங்கே என்றால், பழைய வளவு வீடுகளின் கணக்குப் பெட்டியிலும் கடிதக் கட்டிலும். வீடு விற்கப்போகிறார்கள் என்று காதில் விழுந்தால் உடனே போய்க் கேளுங்கள். தேக்குக் கதவு நல்ல விலைக்குப் போகும், கடிதக் கட்டு எடைக்குப் போய்விடும்.

ஒரு எச்சரிக்கை, என் சொந்தத் தப்பிலிருந்து. நினைவுக் கல்லுக்கு ஒரு பையனின் பெயரைப் பழைய அஞ்சலிப் பேனரிலிருந்து எடுத்தேன். இனிஷியல் தவறு. திறப்பு அன்று அவன் அம்மா கல்லருகில் வந்து விரலால் எழுத்தைத் தடவிப் பார்த்தார். படிக்கத் தெரியாதவர். பக்கத்தில் நின்ற பேத்தி உரக்கப் படித்தது. "எங்க வீட்டுக்காரர் பேரு முத்தையா. இது வேற யாரோ மகன்" என்றார் அந்த அம்மா, கோபமில்லாமல். கல்லை மாற்றச் சங்கம் இரண்டாவது முறை பணம் கொடுத்தது. இப்போது எந்தப் பெயரும் டிஸ்சார்ஜ் புத்தகம், ரெக்கார்ட்ஸ் கடிதம், குடும்பத்தார் கையெழுத்து மூன்றில் இரண்டு இல்லாமல் கல் வேலை செய்பவர் கைக்குப் போவதில்லை.

திரும்பாதவர்களுக்குத் தனி நோட்டு

இறந்தவர்களையும் காணாமல் போனவர்களையும் ஒரே பட்டியலில் போடாதீர்கள். தனி நோட்டு போடுங்கள், பென்சிலில் எழுதுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

1968 பிப்ரவரி 7 அன்று சண்டிகரிலிருந்து லே போன ஏஎன் 12 விமானம் 102 பேரோடு இமாசலத்தின் ரோத்தங் கணவாய்ப் பக்கம் மறைந்தது. 2003இல் மலையேறப் போனவர்கள் பனியில் முதல் தடயத்தைக் கண்டார்கள். 2024இல், 56 ஆண்டு கழித்து, நான்கு உடல்கள் கிடைத்தன, ஒருவர் கேரளத்து வீரர். 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் போன ஏஎன் 32, 29 பேரோடு வங்காள விரிகுடாவில் காணாமல் போனது. 2024 ஜனவரியில்தான் அதன் சிதைவுகள் சுமார் 3,400 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடிக்கப்பட்டதாக அறிவித்தார்கள். 1971 போரில் காணாமல் போய்ப் பாகிஸ்தான் சிறைகளில் இருக்கலாம் என்று நம்பப்பட்ட 54 பேரின் குடும்பங்கள் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. இப்படிப்பட்ட வீட்டில் போய் "அவரு போயிட்டாரும்மா" என்று சொல்ல நமக்கு என்ன அதிகாரம்?

சட்டம் வேறு. ஏழு ஆண்டு தகவல் இல்லாவிட்டால் இறந்தவராகக் கருதலாம் என்கிறது. குடும்ப ஓய்வூதியத்துக்கு அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. போலீஸ் புகார், தேடியும் கிடைக்கவில்லை என்ற அறிக்கை, ஈட்டுறுதிப் பத்திரம் ஆகியவற்றோடு முன்பே விண்ணப்பிக்க வழி இருக்கிறது. நல அலுவலகத்துக்குக் குடும்பத்தாரைக் கூட்டிப்போய் இதைச் செய்துகொடுங்கள். காகிதத்தில் என்ன எழுதினாலும், அது பணத்துக்கான காகிதம், உங்கள் வாயிலிருந்து வருகிற வார்த்தை இல்லை என்று அவர்களுக்குப் புரிய வையுங்கள்.

வீட்டில் நடந்துகொள்ளும் முறை முக்கியம். பொட்டும் தாலியும் இருக்கிறதா என்று உற்றுப் பார்க்காதீர்கள். சுவரில் படம் மாலை இல்லாமல் இருந்தால் நீங்கள் மாலை வாங்கிப் போகாதீர்கள். நினைவு நாளுக்கு அழைக்கப் போனால் "அஞ்சலி" என்ற சொல்லைத் தவிர்த்துவிட்டு "அவரு பேரையும் வாசிக்கிறோம், நீங்க வரணும்" என்று சொல்லுங்கள். நம் பக்கத்தில் முன்னோருக்குப் படைப்பு போடுகிற வீடுகளில்கூட, திரும்பாதவருக்கு இலை போடலாமா கூடாதா என்று அந்த வீட்டுப் பெரியவர்தான் சொல்ல வேண்டும். அவர் சரி என்றால் சரி. சங்கம் அதில் தலையிடக் கூடாது.

நினைவு நாள் நடத்துவது

நாள்கள் பல உண்டு. ஜூலை 26 கார்கில், டிசம்பர் 7 கொடி நாள், டிசம்பர் 16 வங்கதேசப் போர் வெற்றி நாள், ஜனவரி 14 முன்னாள் படைவீரர் நாள். ஜனவரி 14ஐ அன்றே நடத்தப் பார்க்காதீர்கள். போகியோ பொங்கலோ வந்துவிடும், அதற்கடுத்துச் சிராவயல் மஞ்சுவிரட்டுப் பேச்சு. முந்தின ஞாயிற்றுக்கிழமை வைத்தால் ஆள் வரும்.

ஜூலை 26 ஆடியில் விழும். ஆடி என்றால் அம்மன் கோயில், கூழ், ஒலிபெருக்கி. ஒரு வருஷம் மறைந்த வீரர்களுக்கான லாஸ்ட் போஸ்ட் இசையைப் பியூகிளில் ஊதத் தொடங்கவும் அடுத்த தெருவில் எல்.ஆர்.ஈஸ்வரி பாட்டு தொடங்கவும் சரியாக இருந்தது. சாமி பாட்டை நிறுத்தச் சொல்லி யார் போவது? அதிலிருந்து ஒரு வாரத்துக்கு முன்பே கோயில் கமிட்டியைப் பார்த்துப் பத்து நிமிஷம் கேட்டு வாங்கிவிடுகிறோம். இதுவரை யாரும் மறுத்ததில்லை. ராகு காலமும் பாருங்கள். உங்களுக்கு நம்பிக்கை இல்லாவிட்டாலும் வருகிற குடும்பங்களுக்கு இருக்கும். 26ஆம் தேதி சனிக்கிழமையில் விழுந்தால், ஒன்பது முதல் பத்தரை ராகு காலம். எட்டுக்குத் தொடங்கி எட்டரைக்கு முடிக்க வேண்டியதுதான்.

நிகழ்ச்சி வரிசை இப்படி இருக்கட்டும். குடும்பங்களை உட்காரவைப்பது, மலர்வளையம், லாஸ்ட் போஸ்ட், இரண்டு நிமிட மௌனம், மௌனம் முடிந்ததும் பியூகிளில் ஊதுகிற ரவுஸ், பெயர் வாசிப்பு. ஊதுவதற்கு உள்ளூர்க் கல்லூரி என்.சி.சி. மாணவர்களைக் கேளுங்கள், ஒரு மாதம் முன்பே கடிதம் கொடுத்து. பேச்சு வேண்டுமானால் ஒரே ஒருவர், ஐந்து நிமிஷம். முக்கியப் பிரமுகர் வரட்டும் என்று எழுபது வயது அம்மாக்களை வெயிலில் உட்காரவைக்காதீர்கள். பிரமுகர் எட்டு மணிக்கு வரவில்லையென்றால் முதல் வளையத்தை மூத்த வீரரின் மனைவி வைக்கட்டும். அதுதான் பார்க்கவும் நன்றாக இருக்கும்.

பெயர் வாசிக்கிறவர் முந்தின நாள் வாய்விட்டு இரண்டு முறை படித்துப் பார்க்க வேண்டும். ரேங்க், பெயர், படைப்பிரிவு, ஊர். ஊர் பெயரை விட்டுவிடாதீர்கள். ஊர் பெயர் காதில் விழும்போதுதான் கூட்டத்தில் ஒரு தலை நிமிரும்.

பதக்கம் அணிய வேண்டியவர்கள் சிவில் உடையில் இடது மார்பில் அணியலாம். இறந்தவரின் பதக்கத்தைக் குடும்பத்தார் அணிந்தால் வலது மார்பில். சண்டைச் சீருடையைக் கடையில் வாங்கிப் போட்டுக்கொண்டு வரும் ஆசை சிலருக்கு உண்டு. நயமாகச் சொல்லி நிறுத்துங்கள். தேசியக் கொடியை நாமாக அரைக்கம்பத்தில் இறக்கக் கூடாது, அது அரசு உத்தரவில் மட்டுமே.

கல்

கல் வைப்பதற்கு முன் இடத்தின் காகிதம். புறம்போக்கில் ராத்திரியோடு ராத்திரியாகக் கல் நட்டுவிட்டு ஊராட்சியோடு மல்லுக்கட்டுவது நமக்கு அழகில்லை. மாநகராட்சியோ ஊராட்சியோ, எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பள்ளி வளாகம் என்றால் தினமும் கூட்டுகிற ஆள் இருப்பார்கள், அதுவே பெரிய உதவி. கருங்கல்லில் வெட்டெழுத்து போதும். மேலே அடிக்கிற தங்க வண்ணம் வெயிலில் உதிர்ந்து எழுத்தை மங்கலாக்கும். கீழே கொஞ்சம் வெற்றிடம் விட்டு வையுங்கள். அதை நிரப்ப நேரக்கூடாது என்று வேண்டிக்கொண்டாலும் விட்டுத்தான் ஆக வேண்டும். நன்கொடையாளர் பெயரைக் கல்லில் போடாதீர்கள், ரசீதில் போடுங்கள். நம் ஊரில் டியூப்லைட்டில்கூட உபயம் எழுதுகிற பழக்கம், அதனால் இதற்குச் சண்டை வரும். விட்டுக்கொடுக்காதீர்கள்.

உறுப்பினர் ஒருவர் இறந்தால்

செய்தி வந்ததும் நான்கு பேர் போய் நில்லுங்கள். மூவர்ணக் கொடியைப் போர்த்தச் சொல்லி வீட்டார் கேட்பார்கள். அரசு மரியாதை அல்லது படை மரியாதையோடு நடக்கிற இறுதிச் சடங்கில் மட்டுமே அது முடியும், மற்றபடி 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சங்கக் கொடி ஒன்று தைத்து வைத்திருங்கள், அதைப் போர்த்துங்கள். காரியம் முடிந்த கையோடு இறப்புச் சான்றிதழ், பி.பி.ஓ., வங்கிப் புத்தகத்தை ஒரு பையில் போட்டு அந்த அம்மாவோடு நல அலுவலகத்துக்கு ஒருவர் போக வேண்டும். யார் போவது என்பதைச் சுடுகாட்டிலேயே முடிவு செய்துவிடுங்கள். "பார்த்துக்கலாம்" என்றால் ஒருவரும் போகமாட்டார்கள்.

பொறுப்பை ஒப்படைக்கும்போது

மூன்று ஆண்டில் நீங்கள் இறங்குவீர்கள். சாவி, கணக்கு, பதிவேடு எல்லாவற்றுக்கும் கையெழுத்து வாங்குங்கள். பதிவேட்டின் நகல் ஒன்று நல அலுவலகத்திலும், ஒன்று உள்ளூர் நூலகத்திலும் இருக்கட்டும். பென்சில் நோட்டை மட்டும் மேஜைமீது வைத்துவிட்டு வராதீர்கள். புதிய தலைவரைக் கூட்டிக்கொண்டு அதிலுள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் போங்கள், பழம் வாங்கிக்கொண்டு.

என்னை முந்தைய தலைவர் அப்படித்தான் கூட்டிப்போனார். புதுவயல் தாண்டி ஒரு ஓட்டு வீடு. திண்ணையில் புளி உரித்துக்கொண்டிருந்த அப்பத்தா எழுந்திருக்கவில்லை. "புதுசா வந்திருக்கிற தம்பியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நோட்டு இருக்கா? எழுதிக்கங்க" என்றவர், தன் தம்பியின் படை எண் ஏழு இலக்கத்தையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். சொல்லிவிட்டு, "எங்கே, திருப்பிப் படிங்க பார்ப்போம்" என்றார். படித்தேன்.